வாட்டர்கேட் காலத்து மாலைச் செய்திகளைப் பார்க்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்டதில் தொடங்கிய வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய அமெரிக்க அதிபர் நிக்சன் ஆட்சியின் கடைசி ஓராண்டை அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிகள் எப்படிச் சொல்லின என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஊழல் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் நடத்திய விசாரணையின் பதிவுகளைப் பற்றிக் கவலையில்லை. பொது ஒளிபரப்பு நிலையங்கள் 1973இல் காட்டியதை அமெரிக்கப் பொது ஒளிபரப்புக் காப்பகம் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. ஜூலை 16 அன்று விசாரணைக் குழுவின் வழக்கறிஞர் பிரெட் தாம்சன் கேட்க, நிக்சனின் பேச்சுகளைப் பதிவு செய்யும் ஒலிப்பதிவுக் கருவிகள் வெள்ளை மாளிகையில் இருந்ததை அவருடைய முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு ஒப்புக்கொள்ளும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குரலை உயர்த்தாமல், அலுவலக விஷயம் போலச் சொல்லிவிடுகிறார். அதோடு நிக்சனின் நிலைமையே மாறிவிடுகிறது!

சரி, அன்று மாலை சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. என்ற மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களும் இதை எப்படிச் சொல்லின? அதுதான் எனக்கு வேண்டும். நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் 5 முதல் மாலைச் செய்திகளைப் பதிவு செய்து வருகிறது. இதற்காக சி.பி.எஸ். அவர்கள் மேல் வழக்கே போட்டது. 1976 பதிப்புரிமைச் சட்டம் செய்திகளைப் பதிவு செய்ய நூலகங்களுக்கு விலக்கு தந்தபின்தான் பிரச்சினை ஓய்ந்தது. அவர்கள் பிடிவாதமாக நின்றதற்கு நாம் நன்றி சொல்லியே ஆகவேண்டும்.

அவர்கள் தளத்தில் ஒவ்வொரு செய்தியின் சுருக்கத்தையும் தேடிப் படிக்கலாம், ஆனால் காட்சி எனக்குத் திறக்கவில்லை. இந்தியாவிலிருந்து கட்டணம் கட்டிப் பிரதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள், அந்தக் காட்சிகளைப் பார்க்க உங்கள் நூலகத்துக்குச் சந்தா இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அப்புறம், 1974 ஆகஸ்ட் 8 இரவு, பதவி விலகல் உரை முடிந்ததும் செய்தியாளர்கள் பேசிய பகுதி முழுமையாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.