மறு: மறு: "டிஃபர்ட்" வரிசைக்குத் தமிழில் என்ன?

நண்பர்களே,

மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) ஒன்றின் நிர்வாகப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவோடு சரங்களை (திரையில் தெரியும் சொற்களை) மாற்ற முடியாதபடி பூட்டிவிடுவார்கள். மற்றவை முடிந்தன, டிஃபர்ட் மட்டும் பாக்கி.

பின்னணி இதுதான். அஞ்சல் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் ஆக்டிவ், டிஃபர்ட், ஹோல்டு என்று தனித்தனி வரிசைகள். மறுமுனை வழங்கி 4-இல் தொடங்கும் குறியீட்டைச் சொன்னால் ("இப்போது முடியாது, அப்புறம் வா") அஞ்சல் டிஃபர்டுக்குப் போகும். 5-இல் தொடங்கினால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஹோல்டு என்பது நிர்வாகி தானே பிடித்துவைப்பது. அவர் விடுவிக்கும்வரை நகராது. பழைய தமிழாக்கத்தில் டிஃபர்ட், ஹோல்டு இரண்டுக்குமே "நிறுத்திவைத்தவை" என்று இருக்கிறது. தானாகப் போகவிருக்கும் அஞ்சலுக்கு ஆட்கள் விடுவிப்புப் பொத்தானைத் தேடுகிறார்கள்.

---

"தாமத அஞ்சல்" போதுமே! பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். இதற்கு ஒரு விவாதம் தேவையா?

---

> "தாமத அஞ்சல்" போதுமே!

தாமசம்தான் தாமதம் ஆயிற்று. வடசொல். நம்மிடம் சொல்லா இல்லை? குறள் 605-இல் "நெடுநீர்" (காலம் நீட்டித்தல்) இருக்கிறது. ஆனால் அது அங்கே குற்றப் பட்டியலில் வருவதால் விட்டுவிடலாம். 672-ஐப் பாருங்கள்: "தூங்குக தூங்கிச் செயற்பால". காலம் தாழ்த்திச் செய்யவேண்டியதைத் தாழ்த்தியே செய் என்கிறார். டிஃபர்ட் வரிசைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

தூங்கு + அஞ்சல் = தூங்கஞ்சல். வினைத்தொகை. தூங்கிய, தூங்குகின்ற, தூங்கும் என முக்காலமும் அடங்கும். இங்கே தூங்குதல் உறக்கம் அன்று; தொங்குதல், தாழ்தல். தூக்கணாங்குருவியின் கூடு தொங்குகிறதே, அந்த வேர். வஞ்சிப்பாவின் தூங்கலோசையும் இதே குடும்பம்தான். தொங்கு, தூங்கு, தூக்கு, தூளி என்று ஒரு தொடரே இருக்கிறது. தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

---

ஐயா, தூளி வரைக்கும் போய்விட்டீர்கள். திரையில் "3 தூங்கஞ்சல்கள்" என்று பார்ப்பவர் என்ன நினைப்பார்? கோப்பு தூங்குகிறது என்றால் எவரும் தொடவில்லை என்பதுதான் வழக்கு. இந்த வழங்கியோ ஓயவே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் முயற்சி தவறினால் குறைந்தது 300 நொடி பொறுக்கும். அஞ்சலுக்கு வயது ஏற ஏற இடைவெளியும் கூடி 4000 நொடியில் நிற்கும். இப்படி 5 நாள் பார்த்துவிட்டுத்தான் கைவிடும்.

"தாமதம்" வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், ஆனால் வடமொழிக்காக இல்லை. அஞ்சல் இன்னும் போகவில்லை என்று அனுப்பியவருக்குப் போகும் அறிவிப்புக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. என் பரிந்துரை: ஒத்திவைத்தவை.

---

ஒத்திவைப்பில் எனக்கு ஒரு நெருடல். வழக்கை நீதிபதி ஒத்திவைக்கிறார். அங்கே முடிவு செய்பவர் ஒருவர் உண்டு. இந்தப் பக்கத்தைப் பார்க்கிற நிர்வாகி, "நான் எப்போது ஒத்திவைத்தேன்?" என்று கேட்பார். கிரேலிஸ்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் அறியாத அனுப்புநரை வேண்டுமென்றே 4-குறியீட்டோடு திருப்பிவிட்டு, மறுபடி வருகிறாரா என்று பார்க்கும் உத்தி அது. ஒத்திவைத்தது எதிர்முனை, காத்திருப்பது நாம். சொல் நம் பக்கத்து வேலையைச் சொல்ல வேண்டாமா?

(அப்புறம், ஒத்தி என்றதும் எனக்கு அடமானம்தான் நினைவுக்கு வருகிறது. பணம் கட்டி மீட்க வேண்டுமோ?)

---

அப்படியானால் "மறுமுயற்சிக்குக் காத்திருப்பவை"?

---

தெளிவு. ஆனால் கைப்பேசித் திரையில் "மறுமுயற்சிக்குக் கா..." என்று வெட்டுப்படும். "மறுமுயற்சி வரிசை" என்று சுருக்கலாம்.

---

எனக்குச் சரி. அழகில்லை, ஆனாலும் சரி.

---

எனக்கும். நேரமாகிறது.

---

நன்றி. டிஃபர்ட் "மறுமுயற்சி வரிசை", ஹோல்டு "நிறுத்திவைத்தவை", பவுன்ஸ்டு "திரும்பியவை" என்று போட்டுவிட்டேன். அடுக்கிப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஃப்ளஷ் பொத்தானுக்குப் பழைய ஆக்கத்தில் "காலிசெய்" என்று இருக்கிறது. அது எதையும் அழிப்பதில்லை. காத்திருப்பவற்றை எல்லாம் உடனே அனுப்பிப் பார்க்கும். "காலிசெய்" என்று கண்டால் பயந்து யாரும் தொடமாட்டார்கள், அல்லது குப்பையை அழிக்கிறோம் என்று நம்பி அழுத்துவார்கள். "உடனே அனுப்பு" என்று மாற்றட்டுமா?

---

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். "மறுமுயற்சி வரிசை" கலைச்சொல் அன்று, விளக்கவுரை. தூங்கஞ்சலே சரி. அதை ஏற்றிருந்தால் ஃப்ளஷுக்கும் சொல் தானாகக் கிடைத்திருக்கும்: துயிலெழுப்பு.

---

தூங்குதல் உறக்கம் அன்று என்றீர்களே ஐயா?