நம்பிப் பாவிக்கக்கூடிய பிரவுசர் எது? அம்மான்ர பாங்க் அலுவலும் இதிலதான்

மானிப்பாய்க்காரி:
வணக்கம் எல்லாருக்கும். போன மாசம் லப்டொப் ஹாங் ஆகுது எண்டு டவுனில ஒரு கடையில குடுத்து விண்டோஸ் புதுசா அடிச்சு எடுத்தனாங்கள், வீட்ட கொண்டு வந்து பாத்தா பேர் தெரியாத ஒரு பிரவுசர் உள்ளுக்க கிடக்கு, கூகிளில தேடினாலும் வேற ஏதோ பக்கம்தான் வருது, முழுக்க விளம்பரம். அண்ணா கனடாவில இருந்து அனுப்புற காசு வந்திட்டுதோ எண்டு அம்மா பாங்க் பக்கம் திறந்து பாக்கிறது இதிலதான், கரண்ட் பில் கட்டுறதும் இதிலதான், அதால பயமாக் கிடக்கு. நான் அதை அழிச்சுப்போட்டு குரோம் போட்டனான். மச்சான் சொல்லுறார் குரோம் எல்லாத்தையும் கூகிளுக்கு அனுப்பும், பிரேவ் போடு எண்டு. கம்பஸில பிரெண்ட் ஒருத்தி பயர்பொக்ஸ்தான் எண்டுறாள். இன்கொக்னிற்றோவில, அதான் ஹிஸ்டரி நிக்காத தனி விண்டோவில, திறந்தாப் போதும் எண்டும் ஒராள். ஆரின்ர கதையைக் கேக்கிறது? லப்டொப் பழசு, 4 ஜிபி ராம். போன் அன்ட்ரொயிட்.

இணுவிலான்:
தங்கச்சி, எந்தப் பிரவுசர் எண்டதைக் கொஞ்சம் பேந்து பாப்பம். முதல் அம்மான்ர பாங்க் பாஸ்வேர்ட்டை உங்கட போனில இருந்து மாத்துங்கோ, இப்பவே, லப்டொப்பில மாத்த வேண்டாம். பேந்து குரோமில எக்ஸ்டென்சன் (பிரவுசரோட ஒட்டுற சின்னச் செயலி) பக்கத்தைத் திறந்து தெரியாதது எல்லாத்தையும் தூக்குங்கோ. 2019 ஏப்ரலிலயும் 2022 ஏப்ரலிலயும் பேஸ்புக், வட்ஸப் எல்லாம் தடை செய்த நேரம் எங்கட சனம் தடையைச் சுத்திப் போறதுக்குக் கைக்கு வந்த இலவச விபிஎன் எல்லாத்தையும் போட்டதுகள், கன பேர் அதுகளை இன்னும் அழிக்கேல்லை. விபிஎன் எண்டா நீங்கள் எந்த வெப்சைற்றுக்குப் போறியள் எண்ட விபரம் முழுக்க அந்தக் கொம்பனிக்கு ஊடாகத்தான் போகும், இலவசமாத் தாறவன் என்னத்தில உழைக்கிறான் எண்டு யோசியுங்கோ. மற்றது விண்டோஸ் அப்டேற் ஓடுதோ எண்டும் பாருங்கோ, கள்ள விண்டோஸ் அடிச்சிருந்தா அதை நிப்பாட்டியும் விட்டிருப்பினம்.

தின்னவேலிப் பெடியன்:
அக்கா, உங்கட மச்சான் சொல்லுறதிலயும் பிரெண்ட் சொல்லுறதிலயும் ரெண்டு வேற விசயம் கலந்து கிடக்கு. கள்ளன் உள்ளுக்க வராமல் பாக்கிறது ஒண்டு, வீட்டுக்காரனே உங்களை எட்டிப் பாக்காமல் இருக்கிறது இன்னொண்டு. முதலாவதில குரோம் நல்ல பலமான பிரவுசர், ஒவ்வொரு சைற்றையும் வேற வேறயாப் பிரிச்சு ஓட்டும், ஓட்டை கண்டுபிடிச்சாக் கெதியா அப்டேற் விடுவாங்கள். ரெண்டாவதிலதான் பிரச்சினை, ஏனெண்டா கூகிளின்ர வருமானமே விளம்பரம். பிரேவ், எட்ஜ், ஒபரா, விவால்டி எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது குரோமுக்கும் அடித்தளமான குரோமியம்தான், பயர்பொக்ஸ் மட்டும் கெக்கோ எண்ட சொந்த எஞ்சினில ஓடுது. நான் பாவிக்கிறது பயர்பொக்ஸும், விளம்பரத்தை மறிக்கிற யூபிளொக் ஒரிஜின் எண்ட எக்ஸ்டென்சனும். 2022 இல இருந்து பயர்பொக்ஸ் ஒவ்வொரு சைற்றின்ர குக்கியையும் (உங்களை அடையாளம் பிடிக்க சைற் வைக்கிற சின்னக் கோப்பு) தனித்தனிப் பெட்டியில பூட்டி வைக்குது, ஒரு சைற்றில நீங்கள் தேடினதை இன்னொண்டு அந்தக் குக்கியை வச்சுப் பிடிக்கேலாது. குரோமில பழைய யூபிளொக் ஒரிஜினை நிப்பாட்டிப் போட்டாங்கள், பயர்பொக்ஸில அன்ட்ரொயிட் போனிலயும் போடலாம்.
இன்கொக்னிற்றோ உங்கட கொம்பியூட்டரில ஹிஸ்டரி நிக்காமல் பாக்கும், அவ்வளவுதான். இன்ரநெற் தாற கொம்பனிக்கும் நீங்கள் போற சைற்றுக்கும் நீங்கள் தெரிவியள். இன்கொக்னிற்றோவிலயும் தரவு சேத்ததுக்காக அமெரிக்காவில 2020 இல கூகிளுக்கு மேல வழக்குப் போட்டு, 2024 இல சேத்து வச்ச தரவுகளை அழிக்கிறம் எண்டு அவை ஒத்துக்கொண்டவை.

நல்லூர் வீதி:
தம்பி சொன்னது சரி, ஆனா பயர்பொக்ஸுக்கும் பெரிய வருமானம் கூகிளைத் தேடல் பக்கமா வச்சிருக்கிறதுக்குக் கிடைக்கிற காசுதான், அதையும் சொல்ல வேணும். பிரேவும் 2020 இல ஆக்கள் கிரிப்டோ சைற் முகவரி அடிக்கேக்க தனக்குக் கொமிசன் வாற லிங்கை ஒட்டிப் பிடிபட்டுப் பேந்து திருத்தினது. இருந்தாலும் செற்றிங்ஸ் ஒண்டும் தெரியாத ஆளுக்கு, போட்ட உடனேயே விளம்பரத்தை மறிக்கிறதுக்கு பிரேவ் நல்லம், என்ட அப்பாவுக்கு அதுதான் போட்டுக் குடுத்தனான். ஆர் எண்டு தெரியாமல் மறைக்கிற டோர் பிரவுசர் உங்களுக்குத் தேவையில்லை, மூண்டு இடம் சுத்திப் போறபடியா மெதுவா இருக்கும், பாங்க் அலுவலுக்கும் சரிவராது.

இணுவிலான்:
இன்னுமொண்டு. பூட்டு அடையாளம் இருந்தா நல்ல சைற் எண்டு அம்மாவுக்கு ஆரும் சொல்லியிருந்தா அதை மாத்திச் சொல்லுங்கோ. எங்கட சித்தி பார்சல் வந்திருக்கு எண்டு வந்த மெசேஜை அமத்தி கார்ட் நம்பர் குடுத்து காசு போனது, அதிலயும் பூட்டு இருந்தது. பூட்டு எண்டா இடையில ஒருத்தரும் வாசிக்கேலாது எண்டு மட்டும்தான், மற்றப் பக்கம் இருக்கிறது ஆர் எண்டு அது சொல்லாது. பூட்டு வாறதுக்கு சைற் எடுக்கிற சான்றிதழ் இப்ப கள்ளனுக்கும் இலவசமாக் கிடைக்குது. பாங்க் முகவரியை புக்மார்க் பண்ணி, பாஸ்வேர்ட்டை பிரவுசரில சேமிச்சு வையுங்கோ, முகவரி பிழையெண்டா அது தானா நிரப்பாது. அம்மான்ர கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து வித்தியாசமும் அதுக்குத் தெரியும். ஆனா இது எல்லாம் லப்டொப் சுத்தமாகின பிறகு.

மானிப்பாய்க்காரி:
எல்லாருக்கும் நன்றி. பாஸ்வேர்ட் போனில மாத்தியாச்சு. பாத்தா விண்டோஸ் அப்டேற் நிப்பாட்டித்தான் கிடந்தது, தெரியாத எக்ஸ்டென்சனும் ரெண்டு இருந்தது, குரோம் போட முதலே எங்கயோ இருந்து ஒட்டியிருக்கு. சனிக்கிழமை தம்பியைக் கொண்டு விண்டோஸைத் திரும்ப முழுசா அடிக்கப் போறம், அதுக்குப் பிறகு பயர்பொக்ஸும் யூபிளொக்கும். அதுவரைக்கும் லப்டொப்பில பாங்க் பக்கம் திறக்க வேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டன்.