புதுப்பிப்பு: வாத்துக்கான ஆரஞ்சு சாஸ் இந்த முறை சரியாக வந்தது

பிரெஞ்சு முறையில் வாத்துக்குச் செய்த ஆரஞ்சு சாஸ் ஏன் ஜாம் மாதிரி தித்தித்தது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பழம்தான். பிகராட் எனப்படும் இந்த சாஸுக்கு உரியது செவில் என்ற கசப்பு ஆரஞ்சு. நான் பிழிந்ததோ இனிப்பு ஆரஞ்சு.

செவில் ஆரஞ்சு குளிர்காலத்தில் சில வாரங்கள்தான் வரும். அதனால் நேற்று இனிப்பு ஆரஞ்சுச் சாற்றோடு எலுமிச்சையும் பிழிந்தேன். ஆனால் உண்மையில் சாஸைக் காப்பாற்றியது காஸ்ட்ரிக் என்ற சர்க்கரை-வினிகர் கலவை. சர்க்கரையைச் செம்பழுப்பு நிறம் வரும்வரை உருக்கி, அதில் வினிகர் ஊற்ற வேண்டும். சர்ரென்று பொங்கும், ஆவி மூக்கைத் துளைக்கும், சர்க்கரை கல்லாக இறுகும். பயப்படாதீர்கள், மெல்லக் கிளறினால் கரைந்துவிடும். அப்புறம் வாத்து எலும்புச் சாறு, பழச்சாறு, கடைசியில் கொஞ்சம் வெண்ணெய்.

நெஞ்சுக்கறியின் தோலைக் கீறி, சூடேறாத சட்டியில் தோல் அடியில் படும்படி வைத்து, சிறு தீயில் கொழுப்பை உருகவிட்டேன். அந்தக் கொழுப்புக்கு இந்தப் புளிப்பும் கசப்பும் அவ்வளவு பொருத்தம்! சாஸை மட்டும் கறியின் மேலே ஊற்றாதீர்கள், தோலின் மொறுமொறுப்பு போய்விடும். தட்டில் முதலில் சாஸ், அதன்மேல் கறி.