பெரியப்பாவின் ரைஃபிளும் சிதம்பரம் முலாமும்

குழு: மஞ்சக்குப்பம் குடும்பம்

பெரியப்பா: தேர்தல் முடிந்து ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த ரைஃபிள் வீட்டுக்கு வந்துவிட்டது. பின்பக்கத்தை மூடுகிற போல்ட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். குழல் வாய்ப்பக்கம் உள்ளே செம்பு நிறத்தில் கோடு கோடாக இருக்கிறது. மணி, கரண்டு வைத்து இதை எடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

பெரியம்மா: காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இட்லி ஆறிப்போய்க் கிடக்கிறது.

செல்வம் சித்தப்பா (புதுச்சேரி): துப்பாக்கிக்குள் செம்பு எப்படி வந்தது அண்ணே?

பெரியப்பா: குண்டு உள்ளே ஈயம், மேலே செம்புக் கலவை உறை. குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்குப் பள்ளத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுழன்று போகிறதில்லையா, அப்போது உறை கொஞ்சம் கொஞ்சமாகக் குழலில் அப்பிக்கொள்ளும். நிறையச் சேர்ந்தால் குறி சிதறும்.

தேவி: எங்கள் என்சிசி .22 ரைஃபிளிலும் வருமா பெரியப்பா?

பெரியப்பா: அதில் பெரும்பாலும் உறை இல்லாத ஈயக் குண்டுதானே ம்மா. ஈயம்தான் ஒட்டும். என்னுடையது .315, உறை போட்ட குண்டு.

மணி (சிதம்பரம்): உண்மைதான் பெரியப்பா. கவரிங் நகைக்கு நாங்கள் செய்வதன் தலைகீழ். முலாம் போடும்போது நகை மைனஸ், அதன்மேல் உலோகம் படியும். இங்கே குழல் பிளஸ், நடுவில் விடுகிற இரும்புக் கம்பி மைனஸ். குழலின் செம்பு கரைந்து கம்பியில் வந்து உட்காரும்.

தேவி: ப்ளஸ் டூ மின்னாற்பகுப்பு!

மணி: அதேதான். வீட்டில் செய்கிறவர்கள் அமோனியாவும் வினிகரும் தண்ணீரில் கலந்துகொள்வார்கள். பின்பக்கத்தை ரப்பர் கார்க்கால் அடைத்து, குழலைச் செங்குத்தாக நிறுத்தி ஊற்றுவார்கள். கம்பி குழலில் எங்கேயும் படக் கூடாது, பட்டால் ஷார்ட். அதற்காக இரண்டு மூன்று இடத்தில் ரப்பர் வளையம் போடுவார்கள்.

பெரியப்பா: பழைய மொபைல் சார்ஜர் இருக்கிறது. போதுமா?

மணி: ஐயோ வேண்டாம். 5 வோல்ட் அதிகம். ஒன்றிரண்டு டார்ச் செல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். செம்பு தீர்ந்துவிட்டது என்று கரண்டுக்குத் தெரியாது பெரியப்பா. அடுத்து இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். குழலுக்குள் குழி விழுந்தால் எந்த முலாமும் அதைச் சரிசெய்யாது. அடிக்கடி கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும், செம்பு நிறம் ஏறுவது நின்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். போட்டுவிட்டுத் தூங்கப் போகிற வேலை இல்லை.

செல்வம் சித்தப்பா: பிளஸ் மைனஸ் மாறிவிட்டால்?

மணி: குழல் சுத்தமாகாது சித்தப்பா, கம்பிதான் கரையும்.

பெரியம்மா: அமோனியா நாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் நான் புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவேன்.

மணி: பெரியம்மா சொல்வது சரி. மொட்டை மாடியில்தான் செய்ய வேண்டும். பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் வைத்திருப்பீர்கள், அது அமோனியாவோடு சேர்ந்தால் விஷ வாயு. வினிகர் வெளியே சிந்தினால் துப்பாக்கியின் கருநீலப் பூச்சும் போய்விடும்.

பெரியப்பா: பேசாமல் உன் பட்டறைக்கே கொண்டுவந்து விடட்டுமா?

மணி: லைசென்ஸ் உங்கள் பேரில் இருக்கிறது, என் பேரில் இல்லை. பட்டறையில் துப்பாக்கியைப் பார்த்தால் போலீசுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? தேவையானால் நானே வருகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், எவ்வளவு செம்பு இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பெரியப்பா: அமோனியா கலந்த கிளீனர் போட்டுத் தேய்த்தேன். செம்பு கரைந்து வெள்ளைத் துணி நீலமாக வருகிறது. துணி மாற்ற மாற்ற அதே நீலம்தான்.

பெரியப்பா: 📷 புகைப்படம்

மணி: நல்ல மயில் கழுத்து நீலம். எந்த பிரஷ்?

பெரியப்பா: பித்தளை நிறத்தில் இருக்குமே, அதுதான். ஆர்மியில் இருந்த நாளிலிருந்தே அந்த மாதிரிதான்.

மணி: அது வெண்கலக் கம்பி. அதில் பெரும்பகுதி செம்புதான் பெரியப்பா. அந்த கிளீனர் குழலில் இருப்பதையும் கரைக்கும், பிரஷையும் கரைக்கும். எது எங்கிருந்து வந்த நீலம் என்று எப்படிச் சொல்வது?

தேவி: 😂😂

செல்வம் சித்தப்பா: அண்ணே, பிரஷைத்தான் இவ்வளவு நேரம் கழுவினீர்களா?

பெரியப்பா: சிரிக்காதீர்கள்.

மணி: தேய்க்கிற கோலில் துணி மாட்டுகிற முனையும் பித்தளையாக இருக்கக் கூடாது. குழலை நன்றாகத் துடைத்துவிட்டு, நைலான் பிரஷ் போட்டுத் திரும்பப் பாருங்கள். பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் தள்ளுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள்.

(மறுநாள்)

பெரியப்பா: டீலர் கடையில் நைலான் பிரஷ் கிடைத்தது. முதல் துணியில் வெளிர் நீலம், அப்புறம் ஒன்றிரண்டு துணியிலேயே வெள்ளையாகிவிட்டது. வாய்ப்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய கோடு இன்னும் இருக்கிறது.

மணி: ரேஞ்சில் குறி சிதறுகிறதா?

பெரியப்பா: இல்லை. 50 மீட்டரில் எப்போதும் போலத்தான் விழுகிறது.

மணி: அப்புறம் எதற்கு பெரியப்பா கரண்டு? எண்ணெய் போட்டு வையுங்கள். நம் ஊர் கடல் காற்றுக்குச் செம்பைவிடத் துருதான் பெரிய தொல்லை. சுடுவதற்கு முன் மட்டும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

பெரியம்மா: மணி, ஞாயிற்றுக்கிழமை நீ எப்படியும் வா. வஞ்சிரம் வாங்கச் சொல்கிறேன்.