மொட்டை மாடி ஒழுகல்: மேஸ்திரியா, கம்பெனியா?

மடிப்பாக்கத்தான்:
வீட்டுக்கு 18 வயசாகிறது. போன நவம்பர் மழையில் படுக்கையறைக் கூரையில் ஈரம் இறங்கி, பூச்சு பெயர்ந்து கட்டில் மேலேயே விழுந்தது. மாடி 900 சதுர அடி. தெரு மேஸ்திரி, பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு ஓடு பதிக்கலாம் என்கிறார். பில் கிடையாது, பாதிப் பணம் முன்னாடியே வேண்டுமாம். ஒரு கம்பெனிக்காரர் ஓட்டின் மேலேயே ரசாயனப் பூச்சு, 10 வருஷ வாரண்டி, 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்கிறார். யாரை நம்புவது?

கொத்தனார் மகன்:
மேஸ்திரியைத்தான். ஒழுகினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். கம்பெனி என்று வருகிறவர்களும் கடைசியில் இதே ஆட்களைத்தான் கூலிக்குப் பிடிக்கிறார்கள். நடுவில் ஒருத்தருக்குப் பங்கு, அவ்வளவுதான்.

பில் இருக்கா:
வாசலில் நின்றால் ஆள் இருக்க வேண்டுமே. என் அக்கா வீட்டில் ஒரு மேஸ்திரி முன்பணம் வாங்கி, ஓட்டைப் பெயர்த்துக் குவித்துவிட்டு வேறு வீட்டு கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டார். 'தெரிஞ்ச ஆள்' என்று எதையும் எழுதி வாங்கவில்லை. கம்பெனி என்றால் சரிபார்க்க ஒரு எண்ணாவது இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைப் போட்டால், யார் பெயரில் பதிவு, எந்தத் தேதி, நடப்பில் இருக்கிறதா ரத்தா எல்லாம் லாகின் இல்லாமலே தெரியும்.

கொத்தனார் மகன்:
வரிப் பதிவு இருந்தால் மாடி ஒழுகாதா? சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் தாண்டாதவர் பொதுவாகப் பதிவே செய்ய வேண்டியதில்லை. அதனால் எங்கப்பா மோசடிக்காரர் ஆகிவிடுவாரா?

பில் இருக்கா:
உங்கப்பாவை யார் சொன்னது அண்ணே? எண் இல்லாததைக் குறை சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்லி 18 சதவீதம் கேட்பவரிடம் சோதித்துப் பாருங்கள் என்கிறேன். ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலையில்தான். அதற்கு முந்தைய தேதி யாருக்கும் இருக்காது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆனால் கார்டில் 'பல வருஷ அனுபவம்', பதிவு போன மாசம் என்றால் ஏன் என்று கேட்கலாமே.

பழைய இன்ஜினியர்:
ரெண்டு பேரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். மாடியை யாராவது தட்டிப் பார்த்தார்களா? ஒரு கம்பியின் நுனியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டுங்கள். கெட்டியான ஓடு கணீரென்று ஒலிக்கும், அடியில் விட்டுப்போன ஓடு 'டொப்' என்று வெற்றுச் சத்தம் தரும். அப்படிப்பட்ட இடத்தில் மேலே பூச்சு அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். ஓடு கெட்டியாக இருந்து இணைப்பு மட்டும் விட்டிருந்தால் பெயர்க்கவே வேண்டாம். மழைநீர்க் குழாயின் வாயையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் முதலில் பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

மாடி ஏறாமல் போனிலேயே சதுர அடி ரேட் சொல்கிறவர் யாரானாலும் வேண்டாம். 'மழை இல்லாத நாளிலும் ஈரம் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம்?' என்று கேட்கிறவர் வேலை தெரிந்தவர். அவர் செய்த மாடியில் ஒரு ஐப்பசி, கார்த்திகை தாண்டியதைப் போய்ப் பாருங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து ரெண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கடைசித் தவணை அதற்கப்புறம்தான்.

கொத்தனார் மகன்:
தண்ணீர் தேக்குவது சரி சார். ஆனால் சனிக்கிழமை சித்தாளுக்குக் கூலி யார் தருவது? முன்பணம் கேட்பதே அதற்குத்தான்.

பில் இருக்கா:
அப்போ சாமானை வீட்டுக்காரரே தன் பெயரில் பில் போட்டு வாங்கட்டும். கூலியை வாராவாரம் நடந்த வேலைக்குத் தரட்டும்.

கொத்தனார் மகன்:
அது நியாயம். எங்கப்பாவும் லேபர் கான்ட்ராக்ட் என்றால் அப்படித்தான் செய்வார். ஆனால் அந்த 10 வருஷ வாரண்டியையும் கொஞ்சம் கேளுங்க. சரக்குக்கா, வேலைக்கா?

பழைய இன்ஜினியர்:
நல்ல கேள்வி. சரக்குக்கு மட்டும் என்றால், ஒழுகும்போது ஓடு பெயர்க்கும் கூலி உங்கள் தலையில். தயாரிப்பாளருக்கே போன் போட்டு, இவர் அவர்களுடைய அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். ஒரு வாளி எத்தனை சதுர அடிக்கு வரும் என்று அதிலேயே போட்டிருக்கும். வாளிகள் சீலோடு வருகிறதா பார்த்து, காலி வாளிகளை எண்ணிக் கணக்கு சரியாகும் வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். சித்தாள் கேட்பார், பூச்செடி வைக்க வீட்டிலேயும் கேட்பார்கள்.

மடிப்பாக்கத்தான்:
தட்டிப் பார்த்தேன் சார். குழாய்ப் பக்கம் முழுக்க டொப், மற்ற இடம் கெட்டி. கம்பெனிக்காரர் வாரண்டி சரக்குக்கு மட்டும்தான் என்கிறார். மேஸ்திரியிடம் அந்தப் பக்கத்தை மட்டும் பெயர்க்கக் கேட்கப் போகிறேன். பில் இல்லாமல் வேலை கெட்டால் வழக்கு நிற்குமா?

பில் இருக்கா:
கூலி கொடுத்துச் செய்த வேலை என்று காட்ட வேண்டும். பணத்தை ஜிபேயில் அவர் பெயருக்கே அனுப்புங்கள், ரேட்டையும் வேலை விவரத்தையும் வாட்ஸ்அப்பில் போட்டு அவர் சரி சொன்னதை வைத்திருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம்.

கொத்தனார் மகன்:
வழக்கு பற்றி அப்புறம் பேசலாம், முதலில் ஆளைப் பிடிங்க. புரட்டாசி பிறந்தால் எல்லா மாடியும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும், எந்த மேஸ்திரியும் கிடைக்க மாட்டார்.