ஆறு நியான் டெட்ரா மீன் போதும் என்று சொன்ன மகான் யார்?

செவுள்ராசா: "கூட்டமாக வாழும் மீனா? ஆறு வாங்கினால் தாராளம், அதற்கு மேல் கடைக்காரன் தந்திரம்" என்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஐயா, ஆறு என்பது அடிமட்டக் கணக்கு. ஆறில் இரண்டு முதல் வாரத்திலேயே போனால் மிச்சம் நாலு. அது நாலும் ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கும், தீவனம் போட்டாலும் முன்னே வராது. நியான் டெட்ரா பத்துக்குக் குறையக் கூடாது.

கெண்டைக்குஞ்சு: அந்த மகான் நான்தான். ஆறு போதும். 60×30×36 செ.மீ. தொட்டி, ஏட்டுக் கணக்கில் 65 லிட்டர். அடியில் மணல் 5 செ.மீ., மேலே 3 செ.மீ. காலி விட்டா நிக்கிறது 50 லிட்டர்தான். அதுல பன்னிரண்டைத் திணிச்சு, கழிவால வர்ற அம்மோனியா விஷத்தை ஏத்தவா?

செவுள்ராசா: முழுசாக வளர்ந்தாலும் 3 செ.மீ. சொச்சம் இருக்கிற மீன், இது திணிப்பா? பெரும்பாலும் அம்மோனியா ஏறுவது ஃபில்டரில் அதைச் சிதைக்கும் பாக்டீரியா பிடிக்காத புதுத் தொட்டியில் மீனை விடுவதால். மீன் இல்லாமல் நாலு முதல் ஆறு வாரம் ஓட்டுங்கள். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) அம்மோனியா விட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியா, அது சிதைந்து வரும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பிறகு மீன். ஆறு வாரம் பொறுக்க மாட்டார்கள், ஆறு மீனுக்கு மட்டும் சட்டம் பேசுவார்கள்.

பாசிப்பிடி: டைகர் பார்ப் மீனை ஆறோடு நிறுத்தினால் கூட இருக்கிற ஏஞ்சல் மீனின் துடுப்பைக் கிழித்துவிடும். பத்துக்கு மேல் போனால் சண்டை பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே முடியும்.

கெண்டைக்குஞ்சு: பார்பைப் பத்தி யார் கேட்டா? நியானுக்கு ஆறு.

நீர்க்குமிழி: குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடுமே, மருந்து எதற்கு?

செவுள்ராசா: குளோரின் போகும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. குளோரின் நீக்கும் தயோசல்பேட் மட்டும் போட்டால் குளோரமின் உடைந்து அம்மோனியா மிஞ்சும். அதையும் கட்டுகிற மருந்து வேண்டும். பாட்டில் லேபிளைப் படிக்கிற வழக்கம் உண்டா?

கெண்டைக்குஞ்சு: வந்துட்டார் வாத்தியார். ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் அலசச் சொன்னவர்தானே நீங்க?

செவுள்ராசா: பொய். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசு என்றேன், குழாய்த் தண்ணீர் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால். பழைய பதிவைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

பாசிப்பிடி: விளக்கை அணைத்தால் நியான் வெளுத்துப்போகும். காலையில் விளக்கு போட்டதும் நீலக் கோடு மங்கலாகத்தான் தெரியும், கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். அதைப் பார்த்து மருந்தை ஊற்றாதீர்கள். முதுகுச் சதையில் பகலிலும் மாறாத வெளுத்த திட்டு பரவினால்தான் நியான் நோயாக இருக்கலாம். அதற்கு நம்பகமான மருந்து கிடையாது, உடனே பிரித்து எடுங்கள்.

செவுள்ராசா: ஆறில் அப்படிப் பிரித்து எடுத்தால் மிச்சம் எத்தனை? அதைத்தான் முதலிலிருந்து கத்துகிறேன்.

கெண்டைக்குஞ்சு: நோய் வந்தா பத்தும்தான் போகும். ஆறு.

நீர்க்குமிழி: கார்டினல் டெட்ராவுக்கும் ஆறுதானா? நியானோடு சேர்த்து விடலாமா?

கெண்டைக்குஞ்சு: மூணு அது, மூணு இது. சரியாப் போச்சு.

செவுள்ராசா: கடவுளே! கார்டினலுக்கு 26, 27 டிகிரி சுகம், நியானுக்கு 23, 24. ஹீட்டரை யாருக்காக வைப்பீர்கள்?

கெண்டைக்குஞ்சு: 25. அடுத்த பிரசங்கம் எப்போ?