கோட்டா ராஜினாமா செய்த நாள் எங்கட நாளும் தானா?

வெள்ளவத்தைப் பெடியன் | 2025 யூலை 14, காலை 7.40

கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதிப் பதவியை விட்டு இண்டைக்கு மூண்டு வருசம். 2022 யூலை 14 இரவு நான் கொழும்பில போராட்டம் நடந்த காலிமுகத்திடலில நிண்டனான், ஊரடங்கு போட்டிருந்தவங்கள், ஆனா ஜனாதிபதி செயலகப் பக்கம் சனம் குறையேல்லை. சிங்கப்பூரில இருந்து சபாநாயகருக்கு ஈமெயிலில கடிதம் வந்திட்டுதாம் எண்டு ஒருத்தன் ஃபோனைப் பாத்துக் கத்த முதல்ல ஒருத்தரும் நம்பேல்லை, ஏனெண்டா 13ஆம் திகதி விலகுறன் எண்டு சொல்லிப்போட்டு அண்டைக்கு விடியப்புறம் விமானப்படைப் பிளேனில மாலைதீவுக்குப் போன ஆள் அது. பிறகு வெடிச்சத்தம் கேக்கத் தொடங்கிச்சு. என்ர பக்கத்தில ஒரு சிங்கள அம்மா, மாத்தறை ஆள், காஸ் லைனில சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிட்டு ரெண்டு ராத்திரி ரோட்டில படுத்த கதையை முதல் நாள் தான் எனக்குச் சொல்லியிருந்தா, அவ என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு ஒண்டும் பேசாம அழுதா.

இலங்கையில ஒரு ஜனாதிபதி சனத்துக்குப் பயந்து இடையில பதவியை விட்டது அது தான் முதல் தரம். எங்கட ஆக்கள் ஏன் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கிறேல்லை? நாங்களும் அதில நிண்டம் எண்டு சொல்லுறதுக்கு என்ன தயக்கம்?

வடமராட்சியான் | காலை 8.25

தம்பி, நீங்கள் போய் நிண்டதை நான் குறை சொல்லேல்லை. ஆனா அது எங்கட நாள் இல்லை.

2019 நவம்பரிலை 69 லட்சம் வாக்கு விழுந்தது என்னத்துக்கு எண்டு யோசியுங்கோ. யுத்தத்தை முடிச்சவர் எண்டு தானே. பதவியேற்றது எங்கை? அனுராதபுரத்திலை ருவன்வெலிசாய தாதுகோபத்தடியிலை, எல்லாளனை வெண்ட துட்டகைமுனுவின்ரை பேர் சொல்லுற இடத்திலை. சிங்கள மக்களின்ரை வாக்காலை தான் வெல்லுவன் எண்டு தெரியும் எண்டு அங்கை வைச்சே சொன்னவர். மிருசுவிலிலை சின்னப்பிள்ளையளையும் சேத்து எட்டுப் பேரை வெட்டின வழக்கிலை மரணதண்டனை கிடைச்ச ஆமிக்காரனை 2020 மார்ச்சிலை, கொரோனாவுக்கு நாடு பூட்டிக் கிடக்கேக்கை மன்னிச்சு விட்டவர். அண்டைக்கு ஆர் தெருவுக்கு வந்தது? ஒருத்தரும் இல்லை. பெற்றோல் இல்லாமல் போன பிறகு, 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட பிறகு, மிரிகானையிலை அவற்றை வீட்டு வாசலுக்குப் போனவை. அது 2022 மார்ச் 31.

எங்களுக்கு லைன் புதுசில்லை. 90களிலை பொருளாதாரத் தடைக்குள்ளை யாழ்ப்பாணத்திலை கரண்ட் இல்லாமல் வருசக்கணக்கா இருந்தனாங்கள். ஜாம் போத்தலுக்கை பஞ்சை வைச்சு கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்திலை தான் நான் ஓ.எல் சோதினைக்குப் படிச்சனான். மோட்டர்சைக்கிளுக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயிலை ஓடினனாங்கள். அண்டைக்கு கொழும்பு எங்களைத் திரும்பிப் பாக்கேல்லை.

காத்தான்குடி மச்சான் | காலை 9.02

வடமராட்சி அண்ணன் சொல்றதுல ஞாயம் இரிக்கி, ஆனா "எங்கட நாள் இல்ல" எண்டு எல்லாருக்குமா சேத்துச் சொல்லாதீங்க. எங்களுக்கு அந்த ஆள்ட ஆட்சியில என்ன நடந்திச்சி? கொரோனாவுல மௌத்தானவங்கட ஜனாஸாவ எரிச்சாங்க. அடக்கலாம், அதால நோய் பரவாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எரிச்சாங்க. 2020 டிசம்பர்ல பிறந்து 20 நாள் ஆன பச்சப்புள்ளய எரிச்சாங்க, அதுக்குப் பொறகு பொரளை மயானத்து வேலியில சனம் வெள்ளத் துணி கட்டினத மறந்திட்டீங்களா, அதுல சிங்கள ஆக்களும் கட்டினாங்க. அடுத்த வருசம் பெப்ரவரில தான் அடக்க விட்டாங்க, அதுவும் ஓட்டமாவடியில மட்டும், கொழும்பில மௌத்தானாலும் அங்க தான் கொண்டு வரணும் எண்டாங்க.

அந்த ஆள் போன ராத்திரி எங்கட உம்மா ரெண்டு ரக்அத் தொழுதா. எனக்கு அது போதும். பெற்றோலுக்குப் போனாரா பாவத்துக்குப் போனாரா எண்டு நான் கணக்குப் பாக்கல்ல.

ஹட்டன்காரன் | காலை 9.30

வடமராட்சி அண்ணே, ஒண்ணு கேக்குறேன் தப்பா எடுத்துக்காதீங்க. "பெற்றோலுக்குத் தானே போனாங்க" னு சொல்றப்ப அது ஏதோ சின்ன விசயம் மாதிரி வருது. எங்க லயத்துல பசி சின்ன விசயம் இல்ல. 2021 ஏப்ரல்ல ஒரே ராத்திரியில ரசாயன உரத்த நிப்பாட்டுனாரு. தேயிலைக்கு உரம் இல்லாட்டி என்னாகும்? கொழுந்து குறையும், கொழுந்து குறைஞ்சா கிலோ கணக்கு வராது, கணக்கு வராட்டி அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம் தான் போடுவாங்க. அந்த வருசம் தான் ஆயிரம் ரூபா நாட்சம்பளம்னு வர்த்தமானி வந்துச்சு, பல வருசம் கேட்டு வாங்குனது, ஆனா கையில முழுசா பாத்தவங்க கொஞ்ச பேரு. நவம்பர்ல உரத்தடைய எடுத்தாங்க, அதுக்குள்ள விலை எங்கயோ போயிருச்சு. அப்புறம் மா விலை ஏறுச்சு. எங்கம்மா காலையில அஞ்சு ரொட்டி சுடுவாங்க, அது மூணாச்சு, அப்புறம் ரெண்டாச்சு, ரெண்ட நாலா பிச்சு எனக்கும் தங்கச்சிக்கும் குடுத்துட்டு அவங்க சாயத்தண்ணிய குடிச்சிட்டு மலைக்குப் போவாங்க.

அவங்களுக்கு அந்த நாள் யாரோட நாளுங்க?

வடமராட்சியான் | காலை 9.58

ஹட்டன் தம்பி, நீங்கள் சொன்னது சரி. பசியைச் சின்னனாக் கதைச்ச மாதிரி விழுந்திருந்தா அது என்ரை பிழை. நான் சொல்ல வந்தது வேறை. அவர் எதுக்குப் போனவரோ அதுக்கு மட்டும் தான் இந்த நாடு அவரைக் குற்றவாளி எண்டு சொல்லும், மற்றது எல்லாத்துக்கும் அவர் வீரர். அது தான் எனக்கு வயித்தெரிச்சல்.

ஸ்காபரோ அக்கா | காலை 10.20

இஞ்ச இப்ப நடுச்சாமம் தாண்டியிட்டுது, நித்திரை வரேல்லை, இதை வாசிச்சிட்டுப் பேசாம இருக்க முடியேல்லை. நான் தம்பியின்ர பக்கம், ஆனா வேற காரணத்துக்காக.

அவர் ஏன் நாட்டுக்குள்ள இருந்து கடிதம் குடுக்கேல்லை? பதவியில இருக்கிற ஜனாதிபதியில வழக்குப் போடேலாது, அந்தப் பாதுகாப்பு இருக்கேக்கையே வெளியில போயிட வேணும். மாலைதீவு, அங்கயிருந்து சவூதியா பிளேனில சிங்கப்பூர், இறங்கின பிறகு தான் ஈமெயில். அந்தக் கடிதத்தோட அந்தப் பாதுகாப்பும் போச்சு. பத்து நாளுக்குள்ள யாஸ்மின் சூக்காவின்ர மனித உரிமை அமைப்பு சிங்கப்பூர் சட்டமா அதிபரிட்ட 2009 யுத்தக் குற்றத்துக்கு எண்டு முறைப்பாடு குடுத்தது. 2023 சனவரியில கனடா அவருக்கும் அண்ணன் மகிந்தவுக்கும் தடை போட்டது. இதெல்லாம் பெற்றோலுக்காகப் போட்ட தடை இல்லை. இப்ப யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியைத் தோண்டுறதும் அதின்ர தொடர்ச்சி தான், அவரும் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டி வரும்.

வடமராட்சியான் | காலை 10.41

அக்கா, செம்மணியை இதுக்குள்ளை கொண்டு வராதேங்கோ. செம்மணி 90களின்ரை கதை, சந்திரிகா காலம். 1998இலை மாணவி கிரிசாந்தியின்ரை கொலை வழக்கிலை தண்டனை கிடைச்ச சிப்பாய் கோர்ட்டிலை வாய் திறந்ததாலை தான் அப்பிடி ஒரு இடம் இருக்கெண்டே வெளியிலை வந்தது. எல்லாத்தையும் ஒரு ஆளின்ரை தலையிலை போட்டா மற்றவை தப்பிப் போடுவினம். ஆள் ஆளா, வருசம் வருசமாப் பிரிச்சு எழுத வேணும்.

சிங்கப்பூர் முறைப்பாட்டாலை என்ன நடந்தது? ஆள் அங்கையிருந்து பாங்கொக் போய், செப்டெம்பர் தொடக்கத்திலை கட்டுநாயக்காவிலை வந்து இறங்க, ஆளும் கட்சி அரசியல்வாதியள் மாலையோடை நிண்டவை. வீடு குடுத்தவை, பாதுகாப்புக் குடுத்தவை. நாட்டை விட்டு ஓடி 50 நாளுக்குப் பிறகு.

ஸ்காபரோ அக்கா | காலை 10.50

செம்மணி விசயத்தில நீங்கள் சொன்னது சரி, மாறி எழுதிப்போட்டன். மற்றதில நான் மாறேல்லை. முறைப்பாடு ஒரு கோவையில கிடக்கிறதும் ஒண்டுமே இல்லாம இருக்கிறதும் ஒண்டில்லை அண்ணை.

வெள்ளவத்தைப் பெடியன் | காலை 11.15

அண்ணை, 2023 நவம்பர் 14 தீர்ப்பை விட்டிட்டீங்கள். உயர் நீதிமன்றம், அஞ்சு நீதியரசரில நாலு பேர், கோட்டா, மகிந்த, அவையின்ர தம்பி பசில், மத்திய வங்கி ஆளுநரா இருந்த ரெண்டு பேர் எல்லாரும் மக்களின்ர நம்பிக்கையை மீறினவை எண்டு எழுதித் தந்தவை. அவர் கதிரையில இருந்திருந்தா அந்தத் தீர்ப்பு வந்திருக்குமோ?

அதோட இதையும் சொல்லுறன். "ஆர் எங்களைத் திரும்பிப் பாத்தது" எண்டு கேட்டீங்கள். 2022 மே 18 காலிமுகத்திடலில முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினது. நான் அகப்பை பிடிச்சனான். அரிசி, தண்ணி, உப்பு, வேற ஒண்டும் இல்லை. ஒரு சிங்களப் பெடியன், கம்பஸ் படிக்கிறவன், கப்பை வாங்கி ஒரு வாய் குடிச்சிட்டு "இதில ஏன் ஒண்டும் இல்லை" எண்டு கேட்டான். அண்டைக்கு அங்க இருந்தவைக்கு இது தான் கிடைச்சது, அதுக்கும் லைனில நிக்கேக்க ஷெல் விழுந்தது எண்டு சொன்னன். அவன் கப்பை வச்சிட்டுப் போகேல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டு, கப்பைக் கழுவித் தரவோ எண்டு கேட்டான். நான் 32 வருசமா கொழும்பில இருக்கிறன், என்னட்ட ஒரு சிங்கள ஆள் முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கேட்டது அது தான் முதல் தரம்.

வடமராட்சியான் | பகல் 11.40

தீர்ப்பை நான் மறக்கேல்லை. நம்பிக்கையை மீறினவை எண்டு சொல்லிப்போட்டு என்ன தண்டனை? வழக்குப் போட்டவைக்குச் செலவுக்கு ஒன்றரை லட்சம் ரூபா. அந்தத் தீர்ப்பிலை வரி இருக்கு, டொலர் இருக்கு, காணாமல் ஆக்கப்பட்ட ஒரு ஆள் இல்லை. 2020 சனவரியிலை ஐ.நா. அதிகாரியிட்டை, காணாமல் போனவை உண்மையிலை செத்திட்டினம் எண்டு ஒரு வசனத்திலை சொல்லி முடிச்சவர். எப்ப, எங்கை, ஆற்றை கையாலை எண்டு சொல்லேல்லை.

அந்தப் பெடியன் நல்ல பெடியன். ஆனா யூலை 22 விடியப்புறம் ஆமி வந்து கொட்டிலுகளைப் பிரிச்சு எறிய, அந்தத் திடலும் போட்டுது, அந்தக் கதையும் போட்டுது. கோட்டா போய் எட்டு நாள் தான்.

வன்னி அக்கா | பகல் 12.30

நான் இதுக்குள்ள எழுதுறது குறைவு. காலமையில இருந்து வாசிச்சுக்கொண்டு இருந்தனான், இப்ப தான் எழுத மனம் வந்தது.

என்ர தம்பி 2009 மே மாசம் வட்டுவாகலில வைச்சு பஸ்ஸில ஏறினவன். ஏத்தினவை பேர் பதிஞ்சவை. அம்மா பஸ் யன்னலுக்கால அவனுக்கு பிஸ்கட் பைக்கற் ஒண்டு குடுத்தவ. அதுக்குப் பிறகு இல்லை. 2017 பெப்ரவரியில கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர சொந்தங்கள் போராட்டக் கொட்டில் போட்ட நாளில இருந்து அம்மா அங்க போய் இருந்தவ, மழை வெயில் எண்டு பாக்கிறேல்லை.

2022 யூலை 14 நான் மண்ணெண்ணெய் லைனில நிண்டனான். துண்டு தந்திருந்தவை, 87ஆம் நம்பர். எனக்கு முன்னால நிண்ட ஐயா வலைத்தொழில் ஆள், மூண்டு நாளா வள்ளம் இறக்கேல்லை எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவர், பொழுது படேக்க அவற்ற ஃபோனில தான் செய்தி வந்தது. லைனில ஒருத்தரும் கை தட்டேல்லை. கானை வைச்ச இடத்தில இருந்து எடுத்தா இடம் போயிடும், அதால ஒருத்தரும் அசையவுமில்லை. ஐயா மட்டும் "போட்டானோ" எண்டு கேட்டார். ஓம் எண்டு சொன்னன்.

எண்ணெய் முடிஞ்சுது எண்டு 60ஆவது ஆளோட மூடிப்போட்டினம். வெறுங்கானோட வீட்ட வந்து அம்மாட்டச் சொன்னன், கோட்டா பதவியை விட்டிட்டாராம் அம்மா எண்டு. அவ தம்பியின்ர படத்தடியில இருந்தவ. கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு கேட்டா, "அப்ப இனி ஆரிட்டயடி போய்க் கேக்கிறது" எண்டு.

அவர் ஒருத்தருக்குத் தெரியும் எண்டு அம்மா நம்பினவ. பாதுகாப்புச் செயலாளரா இருந்தவர் அவர் தானே. ஒரு நாள் அவருக்கு முன்னால போய் நிண்டு கேப்பன் எண்டு இருந்தவ. அதால உங்கள் ரெண்டு பேரிட கதையும் எனக்கு முழுசாப் பொருந்தேல்லை. எனக்கு அது சந்தோசமான நாளும் இல்லை, ஒண்டுமில்லாத நாளும் இல்லை.

அம்மா 2023இல கண்ணை மூடிட்டா.

ஹட்டன்காரன் | பகல் 12.52

அக்கா. என்ன சொல்றதுன்னே தெரியல. அம்மாவோட போராட்டத்தைப் பத்தி இன்னும் எழுதுங்க, நாங்க வாசிப்போம்.

வடமராட்சியான் | பகல் 1.20

தங்கச்சி, அம்மாவின்ரை கேள்விக்குப் பிறகு நான் காலமை எழுதினதைத் திரும்ப வாசிச்சனான். அது எங்கட நாள் இல்லை எண்டு எழுதியிருக்கிறன். அந்த வசனத்தை நான் எடுத்துப் போடுறன், நீங்கள் அந்த நாளிலை நிண்டிருக்கிறியள். கொண்டாடுற நாள் இல்லை எண்டதிலை நான் இப்பவும் நிக்கிறன். அவரை நாட்டுக்குள்ளை வைச்சுக் குற்றவாளிக் கூட்டிலை ஏத்திக் கேள்வி கேக்கிற நாள் ஒண்டு வர வேணும், அண்டைக்கு வெடி கொளுத்த நானே காசு தாறன்.

வெள்ளவத்தைத் தம்பி, அந்த மாத்தறை அம்மா இப்பவும் உங்களோடை கதைக்கிறவவோ?

வெள்ளவத்தைப் பெடியன் | பகல் 1.45

ஓம் அண்ணை, வருசப் பிறப்புக்கு கொக்கிஸ் பலகாரம் அனுப்புவா. போன கிழமை கோல் எடுத்தவ. செம்மணியில பிள்ளையின்ர எலும்புக்கூட்டோட எடுத்த அந்த நீலப் பையை சிங்கள நியூஸில பாத்தவவாம். "புதே (மகனே), அது ஆற்ற பிள்ளையின்ர பை?" எண்டு கேட்டா. இன்னும் தெரியாது அம்மா, கோர்ட்டில விசாரணை நடக்குது எண்டு சொன்னன். தெரிஞ்சா உடன தனக்குச் சொல்லச் சொன்னவ. பிறகு பையின்ர நிறத்தைப் பற்றியே கதைச்சுக்கொண்டு இருந்தா, தன்ர பேத்திக்கும் அப்பிடி ஒண்டு வாங்கினவவாம்.